மணலுக்குள் ஒரு சப்பட்டையன்

போன சனிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். வழக்கமாக வாங்கும் கடைக்காரர் பாரைக்கும் சாளைக்கும் நடுவில் கொஞ்சம் நாக்கு மீனைப் பரப்பி வைத்திருந்தார். செருப்பின் அடியைப் போலத் தட்டையான மீன். ஒரு பக்கம் மண்ணிறம், மற்றப் பக்கம் வெள்ளை. இரண்டு கண்ணும் மண்ணிறப் பக்கத்திலேயே, இடம் போதாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருக்கும்.

"மிஸ், இண்டைக்கு இதை எடுங்கோ. காலமை வந்தது. பொரிச்சா முள்ளே தெரியாது."

"வேண்டாம் அண்ணை."

"ஏன், பிடிக்காதோ?"

"நல்லாப் பிடிக்கும். அதுதான் வேண்டாம் எண்டு சொல்லுறன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பாரையை வெட்டத் தொடங்கினார். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். இந்த மீனுக்குத் தூரத்துச் சொந்தக்காரன் ஒருவன் என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்தவன் என்று அந்த இடத்தில் வைத்து விளங்கப்படுத்த முடியுமா? உங்களிடம் சொல்லலாம்.

வெட்டுப் பலகையிலிருந்து வழிந்த உப்புத் தண்ணீரின் மணம் காலி வீதியைக் கடந்து வீடு வருமட்டும் கூடவே வந்தது. ஈர மணலும் உப்பும் கலந்த அந்த மணம் வந்தால், நான் எங்கே நின்றாலும், கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறை எனக்குத் தெரியும்.

பழைய மாடி வீடு அது. கீழே நஸீமா ராத்தாவின் குடும்பம், மேலே நாங்கள். யன்னலைத் திறந்தால் தகரக் கூரைகளுக்கு மேலால் துறைமுகத்துக் கிரேன்களின் கழுத்து தெரியும். மேல்வீடு என் கணவர் ஜூட்டின் அக்கா ஸ்டெல்லாவுடையது. தாய் தகப்பன் போன பிறகு தம்பியைப் படிப்பித்து ஆளாக்கியவர் அவர்தான். கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. கலியாணம் கட்டவில்லை. அதைப்பற்றி அவரோடு யாரும் கதைத்ததாக நான் கேள்விப்படவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தால் கதைக்கத் தோன்றாது.

நான் தெஹிவளைச் சைவக் குடும்பம். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கப்பலில் ஃபிட்டராகப் போவதற்கு ஏதோ சத்தியக் கடதாசி எடுக்க வந்த ஜூட், அந்தக் கடதாசியில் தன் பெயரை நான் பிழையாக அடித்துவிட்டேன் என்று திரும்பி வந்தார். திருத்திக் கொடுத்தேன். பிறகு பிழை இல்லாமலும் வந்தார். பதிவுத் திருமணம்தான். கத்தோலிக்கரைக் கட்டுகிறேன் என்று என் அம்மா வரவில்லை. ஸ்டெல்லா மச்சாள் வந்தார், கையெழுத்து வைத்தார், கேக்கைத் தொடாமல் வேலைக்குப் போய்விட்டார்.

ஜூட் கப்பல் ஏறுவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு கண்ணாடித் தொட்டியையும் ஒரு பொலித்தீன் பையையும் காவிக்கொண்டு படியேறி வந்தார். "நான் இல்லாத நேரம் உனக்குத் துணைக்கு" என்றார். துணைக்கென்றால் வாலை ஆட்டிக்கொண்டு முன்னுக்கு வருகிற தங்க மீனை வாங்கியிருக்கலாம். என் மனுசன் வாங்கியது மணலுக்குள் ஒளிந்துகொண்டு நாள் முழுக்க அசையாமல் கிடக்கும் ஒரு மீனை. வளர்ப்பு மீன் கடைக்காரன் அதை 'ஃப்ரெஷ்வாட்டர் ஃப்ளவுண்டர்' என்று சொல்லியிருக்கிறான். சுத்தமான நன்னீர் மீன், பைப் தண்ணியே போதும், ஒன்றுக்கும் பயமில்லை என்று சத்தியமும் பண்ணியிருக்கிறான்.

ஸ்டெல்லா மச்சாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தார்.

"எங்கயடா மீன்? வெறும் தொட்டியையோ காவிக்கொண்டு வந்தனீ?"

"அந்தா அக்கா, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில."

"கல்லுத்தான் தெரியுது."

அப்போது அந்தக் கல்லுகளில் ஒன்று நெளிந்தது. மேரி பிஸ்கட் அளவில், விளிம்பெல்லாம் சல்லாத் துணி மாதிரி அலைந்துகொண்டு, ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குப் போய்ப் படுத்தது. "சப்பட்டையன்" என்றார் மச்சாள். அதுவே பெயராகிவிட்டது.

ஜூட் போனார். இரண்டு பெண்களும் ஒரு மீனும் மிஞ்சினோம். மூவரில் யார் அதிகம் கதைத்தது என்று கேட்டால், தொட்டியில் காற்றூதும் மோட்டர் என்றுதான் சொல்லவேண்டும். மச்சாள் என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். "நீர் சாப்பிட்டீரோ", "நீர் குளிச்சிட்டீரோ". அந்த 'நீர்' இருக்கிறதே, அது மரியாதை மாதிரியும் இருக்கும், வாசலில் நிறுத்தி வைக்கிற மாதிரியும் இருக்கும். நானும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை.

கொஞ்ச நாளில் சப்பட்டையன் மெலியத் தொடங்கினான். கடையில் தந்த உருண்டைத் தீனியை அவன் தொடுவதே இல்லை. அது அவனுடைய முதுகிலேயே விழுந்து ஊறிக் கிடக்கும். விளிம்பு கருத்துச் சுருண்டு வந்தது. ஒருநாள் மச்சாள் வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்தார்.

"இது சாகப்போகுது. அவன் வரேக்க என்ன சொல்லுறது?"

"சாகாது மச்சாள்."

"எப்பிடிச் சொல்லுறீர்?"

"நான் சாக விடமாட்டன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மீன் வளர்ப்பைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த மீனுக்கு எவ்வளவு புளி விடவேண்டும் என்பது மட்டும்தான். கடைக்குப் போய்க் கேட்டேன். "செத்தா வேற ஒண்டு தாறன் மிஸ்" என்றான் கடைக்காரன். வேறொன்று எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனைத் தோண்டிக்கொண்டிருந்தேன். எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதியிருந்தார்கள். நன்னீர் மீன் என்று விற்கப்படுகிற இந்தத் தட்டை மீன்களில் பலவும் ஆறும் கடலும் சேருமிடத்து மீன்களாம். கொஞ்சம் உப்பு வேண்டுமாம். கூழாங்கல்லில் படுத்தால் வயிறு கிழியுமாம், மாவு மாதிரி மணல் வேண்டுமாம். அசையாத தீனி அதன் கண்ணுக்குச் சாப்பாடாகவே படாதாம். நெளிகிறது ஏதாவது வேண்டுமாம். அதாவது கடைக்காரன் சத்தியம் பண்ணிய ஒவ்வொன்றும் பிழை.

அன்று பின்னேரம் வேலையைத் தொடங்கினேன். முன்தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு வாளி மணல் கேட்டு வாங்கினேன். மேசன் பாஸ் "மொகட்டத நோனா?" என்று கேட்டார், எதற்கு என்று. மீனுக்கு மெத்தை போட என்று சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டு வந்தேன். குசினியில் இருந்த மா அரிதட்டை எடுத்து அந்த மணலை அரித்துக்கொண்டிருந்தபோது மச்சாள் உள்ளே வந்தார். நத்தாருக்குக் கேக் மா அரிக்கிற அரிதட்டு அது. மச்சாளின் தாயுடையது.

நான் எழும்பவில்லை. "புதுசு வாங்கித் தாறன் மச்சாள். இதை இப்ப விட ஏலாது" என்றேன். அவர் காலணியைக் கழற்றிவிட்டு வந்து எதிரே குந்தினார். "அப்பிடி அரிச்சா விடிய விடிய அரிக்கவேண்டியதுதான். தட்டிப் பிடியும்" என்று என் கையிலிருந்து வாங்கினார்.

உப்பு, கல்லுப்புத்தான். ஒரு கரண்டி கரைத்து விட்டு, அடுத்த நாள் இன்னொரு கரண்டி. நெளிகிற சாப்பாட்டுக்கு, பின்வளவில் ஒரு பழைய வாளியில் தண்ணீர் விட்டு வைத்து நுளம்புக் குடம்பி பிடித்தேன். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது எப்படிப்பட்ட காரியம் என்று தெரியும்; டெங்கு நுளம்பு வளர விட்டால் வழக்குத்தான். கீழ்வீட்டு நஸீமா ராத்தா கண்டுவிட்டார்.

"அல்லாஹ்வே, புள்ள, இது என்ன வேலை? டெங்கு மஹத்தயாமார் வந்தா ஒன்னையும் பிடிச்சிக்கிட்டுப் போவாங்க, என்னையும் பிடிச்சிக்கிட்டுப் போவாங்க!"

மீனுக்கு என்று சொன்னேன். எந்த மீன் என்று கேட்டு மேலே ஏறி வந்தவர், தொட்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "மீன் எங்க ஈக்கிது?" என்றார். எல்லோரும் கேட்கிற கேள்விதான். வாளியை அன்றைக்கே கவிழ்க்க வைத்தார். பதிலாகத் தன்னுடைய கறிவேப்பிலைச் சாடியைக் கிண்டி மண்புழு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த மண்புழுத் துண்டைத் தொட்டிக்குள் விட்ட பின்னேரம் எனக்கு நன்றாக ஞாபகம். மச்சாளும் நானும் முழந்தாளில் இருந்து கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்துக்கொண்டிருந்தோம். மணல் மணலாகவே கிடந்தது. பிறகு மணலில் இரண்டு கண்கள் திரும்பின. ஒன்று இப்படி, மற்றது அப்படி. திடீரென்று மணல் எழும்பிப் பாய்ந்தது. புழு இல்லை. சப்பட்டையன் வாயை மென்றுகொண்டு கண்ணாடியில் ஒட்டி நின்றான், வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு.

மச்சாள் சிலுவை போட்டுக்கொண்டு என் தோளில் அடித்தார். "பாத்தியா? பாத்தியா நீ?"

'நீர்' அன்றோடு சரி.

அதற்குப் பிறகுதான் அரசாங்கத்தின் கையில் டொலர் முடிந்து நாடு இருட்டியது. அந்த வருடத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். காஸ் இல்லை, பெட்ரோல் இல்லை, பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் மோட்டர் நிற்கும், மோட்டர் நின்றால் மீன் மூச்சு முட்டிச் சாகும் என்று எங்களுக்கு உறுதியான நம்பிக்கை. பெற்றறியில் வேலை செய்கிற மோட்டருக்குக் கடை கடையாக அலைந்தோம். இறக்குமதி இல்லை என்று கையை விரித்தார்கள். கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுவோம். மச்சாள் கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு? அதற்குத்தான் நஸீமா ராத்தா. அவருடைய கணவர் ஃபாரூக் நானா பெட்ரோல் இல்லாததால் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்திருந்தார். அந்தச் சைக்கிள் பம்பின் வாயில் தொட்டிக் குழாயை மாட்டி அடித்தால் குமிழி குமிழியாகக் காற்று போகும் என்று கண்டுபிடித்தவர் ராத்தாதான். சமையலுக்கு நடுவில் மேலே ஏறி வந்து நாலு அடி அடித்துவிட்டு இறங்குவார். "ஒங்கட மீனுக்கு மூச்சுக் குடுத்துக் குடுத்து எனக்கு மூச்சு வாங்குது" என்பார். ஆனாலும் ஒரு நாளும் வராமல் விடவில்லை.

பிற்காலத்தில் வாசித்தேன்: அவ்வளவு தண்ணீரில் அவ்வளவு சின்ன மீன் ஒன்று, காற்றே ஊதாவிட்டாலும் பல மணி நேரம் சௌகரியமாக இருக்குமாம். நல்ல காலம், அது அப்போது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

இந்த நேரத்தில்தான் ஜூட்டின் கப்பலில் பிரச்சினை வந்தது. வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பலை முதலாளி அப்படியே கைவிட்டுவிட்டார். ஆட்களை இறங்க விடவில்லை. யாரோ புண்ணியவான்கள் படகில் கொண்டுவந்து கொடுக்கிற அரிசியும் தண்ணீரும்தான். எப்போதாவது சிக்னல் கிடைத்தால், "சுகமா இருக்கிறன், யோசிக்காதை" என்று ஒரு குரல். பிறகு அதுவும் இல்லை.

ஸ்டெல்லா மச்சாள் உடைந்து நான் பார்த்தது அப்போதுதான். வேலை முடிந்து வந்தால் கதிரையில் இருந்தபடி இருப்பார். ஒரு பின்னேரம், "அந்த மீனைக் கடைக்கே திருப்பிக் குடு. எனக்கு இனி ஏலாது" என்றார்.

நான் கோப்பையை வைத்துவிட்டு வந்து அவருக்கு முன்னால் நின்றேன். "மீன் இஞ்சதான் இருக்கும். அவர் வருவார். எங்க போய் ஆரைப் பிடிக்கவேணும் எண்டு உங்களுக்குத் தெரியும், கப்பல் கந்தோரில இவ்வளவு காலம் இருக்கிறீங்கள். எப்பிடி எழுதவேணும் எண்டு எனக்குத் தெரியும். எழும்புங்கோ மச்சாள்."

எழும்பினார். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. பஸ் வந்தால் பஸ், வராவிட்டால் நடை. புதுக்கடையில் எங்கள் லோயர் ஐயா வேலை முடிந்த பிறகு கம்பியூட்டரைப் பாவிக்க விட்டார். கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து அடித்து, மச்சாள் சொல்லச் சொல்லக் கப்பலின் பெயர், கொடி, துறைமுகம் எல்லாம் போட்டு, மூன்று பாஷையிலும் மனுக் கொடுத்தோம். ஒரு கந்தோரில் பெரியவர் இன்றைக்குச் சந்திக்க மாட்டார், போய்விட்டுப் பிறகு வாருங்கள் என்றார்கள். மச்சாள் அங்கே கிடந்த நீள வாங்கில் பேக்கை வைத்து இருந்துகொண்டு, "கமக் நே மஹத்தயா, அபி இன்னங்" என்றார். பரவாயில்லை, நாங்கள் இருக்கிறோம் என்று. இருந்தோம். கந்தோர் பூட்டுகிற நேரம் பெரியவர் வெளியே வந்தே ஆகவேண்டும் அல்லவா? வந்தார். நின்று வாசித்தார். அதே கப்பலில் இருந்த மற்ற ஆட்களின் வீடுகளையும் மச்சாள் தேடிப் பிடித்து ஒன்று சேர்த்தார். மன்னாரிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் தாய்மாரும் பெண்சாதிமாரும் வந்து எங்கள் முன்னறையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். எல்லோரும் தொட்டியைப் பார்த்து மீன் எங்கே என்று கேட்டார்கள்.

அந்த அமளிக்குள் என் அம்மா தெஹிவளையிலிருந்து வந்தார். கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவை. மச்சாள் மரியாதையாகக் கதிரை போட்டுக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

"வா பிள்ளை, வீட்டை போவம். மனுசனும் இல்லாம, இந்த நேரத்தில, வேற ஆக்களின்ர வீட்டில ஏன் கிடந்து கஷ்டப்படுறாய்?"

அந்தக் கூப்பிடலுக்காக நான் எவ்வளவு காத்திருந்தேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"மீனைப் பாக்கோணும் அம்மா."

"என்ன மீன்? கறிக்கோ?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "இது வேற ஆக்களின்ர வீடு இல்லை அம்மா. மச்சாளைத் தனிய விட்டிட்டு வரமாட்டன். நீங்கள் அடிக்கடி வாங்கோ." அம்மா கோபித்துக்கொண்டுதான் போனார். ஆனால் அடுத்த கிழமையே ஒரு பை மாங்காயோடு திரும்பி வந்தார்.

அன்றிரவு சாப்பாட்டில் மச்சாள் என் சாப்பாட்டுக் கோப்பையில் பெரிய மீன் துண்டைப் போட்டார். "போயிருக்கலாமே நீ" என்றார் என்னைப் பார்க்காமல்.

"போகேல்லை."

"ம். சாப்பிடு."

கப்பல்காரர்கள் ஒரு வழியாக இறக்கப்பட்டார்கள். எங்களுடைய மனு எந்த மேசையில் வேலை செய்தது, வேறு யார் யார் என்ன செய்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஜூட் எலும்பும் தோலுமாகக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கினார். வீட்டுக்கு வந்து, குளித்து, ராத்தா அனுப்பிய புரியாணியைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் முன்னறையில் தொட்டியைக் கண்டார். உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்த சப்பட்டையன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றான்.

"அட! இது இன்னும் இருக்குதா? நான் மறந்தே போனன்."

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் மச்சாளைப் பார்த்தேன். கீழேயிருந்து ராத்தா என்ன சத்தம் என்று கேட்டு ஏறி வருமட்டும் நாங்கள் சிரித்து முடிக்கவில்லை. ஜூட் இன்றைக்கும் அந்தச் சிரிப்பின் காரணம் முழுதாக விளங்கவில்லை என்றுதான் சொல்கிறார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கப்பலில் சமையல் பார்த்த சேவியர் என்றொருவர், மன்னார்க்காரர், பெண்சாதியை இழந்தவர், மச்சாளுக்கு நன்றி சொல்ல ஒருநாள் கருவாட்டுப் பார்சலோடு வந்தார். தொட்டியைப் பார்த்தார். மீன் எங்கே என்று கேட்காத முதல் ஆள் அவர்தான். பார்த்த உடனேயே கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்துவிட்டு, "இதைத் தேங்காய்ப் பால் விட்டு வைச்சா நல்லாயிருக்கும்" என்றார். மச்சாள் அவரைத் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டிருக்கும். அந்த ஆள் மன்னிப்புக் கேட்க அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். தலை நரைக்கத் தொடங்கிய வயதில் ஸ்டெல்லா மச்சாளுக்கு மாதா கோயிலில் கலியாணம் நடந்தது. கேக்குக்கு மா அரித்தது நான். கட்டாயம் புது அரிதட்டில்தான்.

சப்பட்டையன் அதற்குப் பிறகும் இருந்தான். ஒரு மாரி காலத்தில், ஒரு வருத்தமும் காட்டாமல், மணலுக்குள் படுத்தபடியே போய்விட்டான். அசையாமல் கிடப்பதே அவன் தொழில் என்பதால், போய்விட்டான் என்று விளங்கவே எங்களுக்கு நேரமெடுத்தது. ராத்தா தன்னுடைய கறிவேப்பிலைச் சாடியில் இடம் கொடுத்தார்.

மச்சாள் மன்னாருக்குப் போனார். வீடு கைமாறியது. ராத்தாவும் நானாவும் மகளோடு இருக்க வத்தளைப் பக்கம் போனார்கள். அண்மையில் ஒருநாள் பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது எட்டிப் பார்த்தேன். வீடு இருந்த இடத்தில் நீலத் தகரம் அடித்து, உள்ளே ஆழமாகக் கிடங்கு தோண்டியிருக்கிறார்கள். பெரிய மாடி ஒன்று வரப்போகிறதாம்.

நாங்கள் இப்போது இருக்கும் வெள்ளவத்தை ஃப்ளாட்டும் அப்படியொரு பெரிய மாடிதான். ஒரு குறையும் இல்லை. லிஃப்ட் இருக்கிறது, வாசலில் காவல் இருக்கிறது, யாராவது வருவதென்றால் கீழிருந்து ஃபோன் அடித்துக் கேட்டுவிட்டுத்தான் விடுவார்கள். கரண்ட் போனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஜெனரேட்டர் பிடித்துவிடும். ஒருவரும் கதவைத் திறந்து வெளியே வரத் தேவையில்லை. எதிர்வீட்டில் விளக்கு எரிவது கதவின் கீழ் இடுக்கால் தெரிகிறது. அங்கே இருப்பவர்களின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது.